சேர்மன் வாயை மூடவில்லை

வேப்பமரத்தடி
(வீட்டுக்குள் கரண்ட் இல்லை)
28.7.2025, திங்கள்

'அன்புள்ள' என்று போட்டால் நீ சந்தேகப்படுவாய் என்பதால், வெறும் அனுசியா அக்காவுக்கு,

நேற்று போனில் நீ "சேர்மன் எப்படி இருக்கான்?" என்று கேட்டதற்கு அம்மா, "அவனுக்கென்ன, ராசா மாதிரி இருக்கான்" என்று சொன்னது பொய். உன் மதுரை விடுதியில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஐந்து நிமிடம் போன் தருகிறார்கள், அதில் உன்னை அழவைக்க வேண்டாம் என்பது அம்மாவின் ஏற்பாடு. இந்த வீட்டில் பொய் சொல்லும் வேலை என்னுடையது. அதை அம்மா எடுத்துக்கொண்டதால், உண்மை சொல்லும் வேலை என் தலையில் விழுந்துவிட்டது.

(கடிதத்தைப் பிரித்துப் படிக்கும் வார்டன் மேடத்துக்கு வணக்கம். அக்காவிடம் இதைக் கொடுக்கும்போது ஒரு டம்ளர் தண்ணீரும் கொடுக்கவும்.)

நம் நாய்க்கு உடம்பு சரியில்லை. பிளாஸ்டிக் சேரை விட்டு இறங்குவதில்லை என்றுதானே அவனுக்கு சேர்மன் என்று பேர் வைத்தாய்? சனிக்கிழமையிலிருந்து அவன் சேரில் ஏறவே இல்லை. பதவியை ராஜினாமா செய்துவிட்டான். வாய் பாதி திறந்தபடியே இருக்கிறது, மூட மாட்டேன் என்கிறான். கயிறு கயிறாக எச்சில் ஒழுகுகிறது. முன்னங்காலால் மூஞ்சியைப் பிறாண்டுகிறான். தண்ணீர்ச் சட்டியிடம் போய் நாக்கை நீட்டுகிறான், வெடுக்கென்று பின்வாங்குகிறான். வெள்ளிக்கிழமை கோயில் கிடா வெட்டுக்கு நம்மோடு வந்து, பந்தியில் எனக்கு முன்னால் சாப்பிட்டு முடித்தவன்தான்.

அப்பாவிடம் மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டேன். "மாட்டாஸ்பத்திரி மாட்டுக்குடா. பேர்லயே இருக்கு. நாயத் தூக்கிட்டுப் போயி நின்னா, அங்க நிக்கிறவுக சிரிப்பாக" என்றார். நாயைப் பார்க்க 'மாட்டா' ஆஸ்பத்திரி என்று முடிவுகட்டிவிட்டு, குட்டியானையை எடுத்துக்கொண்டு அருப்புக்கோட்டைக்கு லோடு ஏற்றப் போய்விட்டார். அந்த வண்டியில் ஒரு சத்தம் மாறினால் அன்றைக்கே மெக்கானிக்கிடம் ஓடுகிறவர்தான்.

அடுத்த சிக்கல், எதிர்வீட்டு மொக்கையன் மாமா. நேற்றுக் காலையில் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "என்னப்பா, உங்க நாய் வாயில நொரையா வருது?" என்றார். "சோப்பத் தின்னுருச்சு மாமா" என்றேன். அவர் நம்பவில்லை. அவர் பேத்தி இப்போதுதான் தெருவில் நடை பழகுகிறாள். டாக்டர் நம் வாசலுக்கு வந்துவிட்டால், அது வெறிநாய்தான் என்று தெருவே தீர்ப்பு எழுதிவிடும். போன வருஷம் பந்தல்குடி ரோட்டில் அப்படி ஒரு நாய்க்குக் கம்பால் தீர்ப்பு எழுதினார்களே, நீயும் பார்த்தாய்.

அதனால் ரகசியமாக நெட்டில் தேடினேன். ஒரு பக்கம் வெறி என்றது. ஒரு பக்கம் பல்வலி என்றது. ஒன்று, நாய்க்கு மனக்கவலை, கட்டிப்பிடித்து மன்னிப்புக் கேளுங்கள் என்றது. எதற்கும் இருக்கட்டும் என்று மன்னிப்புக் கேட்டேன். சட்டையெல்லாம் எச்சில். இன்னொன்று, டார்ச் அடித்து வாய்க்குள் பார் என்றது. பார்த்தேன். தலையை உதறினான், என் விரலில் பல் லேசாகக் கீறியது. பெரிய காயமில்லை.

தேடலில் எல்லாவற்றுக்கும் மேலே வந்தது யார் தெரியுமா? 'கால்நடைச் செம்மல்' கரிசல் கந்தன் ஐயா! மே மாத லீவில் அப்பாவின் துண்டை முண்டாசு கட்டி, மூஞ்சியைப் பாதி மறைத்து, தொண்டையைக் கனைத்து நான் பேச, நீ சிரிப்பை அடக்கிக்கொண்டு போனைப் பிடித்தாயே, அந்த வீடியோதான். நல்லெண்ணெயில் வெள்ளைப்பூடு தட்டிப் போட்டு, நாயை வடக்கே பார்க்க நிறுத்தி, மூக்கைப் பிடித்து ஊற்றச் சொன்னேனே. நாற்பதாயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள். 'உங்களைப் போன்ற பெரியவர்கள் இருப்பதால்தான் நாட்டில் மழை பெய்கிறது' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நம் பக்கம் ஏன் பெய்வதில்லை என்று இப்போதுதான் புரிந்தது.

அக்கா, எழுத்தில் சிரிக்கிறேனே தவிர, ராத்திரி எழுந்து எழுந்து போய் அவனைப் பார்க்கிறேன். அவன் இன்றைக்கும் சாப்பிடவில்லை. என்ன செய்யட்டும், சொல்.

காளீஸ்வரன்


மதுரை, விடுதி
29.7.2025, செவ்வாய்

ஏலே காளி,

வார்டன் மேடம் உன் கடிதத்தோடு ஒரு டம்ளர் தண்ணீரையும் கொடுத்தார். அதைப் பார்த்ததுமே எனக்குப் பகீர் என்றது. இனிமேல் இந்த மாதிரி ஏற்பாடெல்லாம் செய்யாதே.

முதலில் உன் கை. 'லேசாக' என்பதெல்லாம் உன் அகராதி. சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் நன்றாகக் கழுவு. பிறகு ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டு. விளையாடாதே.

அடுத்தது சேர்மன். கெமிஸ்ட்ரி பிராஜக்ட் என்று சொல்லி கம்ப்யூட்டர் அறைக்குப் போய் நானும் தேடினேன். உன்னைத் திட்டிக்கொண்டேதான் போனேன், போய் உட்கார்ந்து நீ செய்ததையே செய்தேன். ஒவ்வொரு பக்கமும் ஒவ்வொரு நோயைச் சொல்லிவிட்டு, கடைசி வரியில் 'உங்கள் கால்நடை மருத்துவரை அணுகவும்' என்று முடிக்கிறது. கடைசியில் அங்கேதான் போக வேண்டும் என்றால் முதலிலேயே போய்விட வேண்டியதுதானே? இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மணி நேரமும், மிஸ்ஸிடம் ஒரு திட்டும் செலவு.

நீயும் அப்பாவும் அறியாத ஒன்று சொல்கிறேன். போன தை மாதம் பள்ளிக்கூட மைதானத்தில் முகாம் போட்டார்களே, அங்கே சேர்மனைத் தூக்கிக்கொண்டு போய் வெறிநாய்த் தடுப்பூசி போட்டுவந்தேன். ஊசி போட்ட தங்கலட்சுமி டாக்டர் மாட்டாஸ்பத்திரியில்தான் இருக்கிறார். வரிசையில் ஆடு, கோழி, நாய் எல்லாம் நின்றன. யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை. அப்பாவிடம் கேள்: பேரில் மாடு இருப்பதால் அது மாட்டுக்கு மட்டும் என்றால், குட்டியானையில் அவர் என்ன, யானையையா ஏற்றுகிறார்?

டாக்டர் வந்தால் தெருவுக்குத் தெரிந்துவிடும் என்கிறாய். டாக்டர் வராமலே தெரிந்துவிட்டால்? அப்போது உன் பக்கம் நின்று பேச யார் இருப்பார்?

அந்த வீடியோவை எடுத்துவிடு. போனைப் பிடித்தவள் நான், அதனால் பாதிப் பழி எனக்கு.

சேர்மனுக்கு ஏதாவது ஆனால் இந்த விடுதிச் சுவரை ஏறிக் குதித்து வந்துவிடுவேன். வார்டன் மேடம் இதையும் படிக்கட்டும்.

அனுசியா


நம்ம வீடு
30.7.2025, புதன், மத்தியானம்

அக்கா,

உன் கடிதம் வந்து சேர்வதற்குள் இங்கே ஒரு முழுநீளப் படம் ஓடிவிட்டது. வேகமாக எழுதுகிறேன். தபால்காரர் செல்லப்பாண்டி அண்ணன் பையோடு வாசலில் நிற்கிறார்.

நேற்றுச் சாயங்காலம் அப்பா லோடு இறக்கிவிட்டு வந்தார். கையில் ஒரு பை. உள்ளே அரை லிட்டர் நல்லெண்ணெய், ஒரு கை வெள்ளைப்பூடு.

"டீக்கடையில ஒருத்தரு போன்ல காட்டுனாருடா. கரிசல் கந்தன்னு ஒரு பெரிய மனுசன். குரல்லயே அனுபவம் தெரியுது. இவருகிட்டப் போயி டாக்டருகளே கத்துக்கணும். ஆமா, வடக்கு எது?"

"அப்பா, ஊத்தாதீங்க. அந்தக் கந்தன் நான்தான்."

"ஒன் மூஞ்சி."

"நெசமாப்பா."

"அவரு எங்க, நீ எங்க? போயி பூண்ட உரி."

பிறந்ததிலிருந்து அப்பா என்னை ஒருமுறைகூடப் பாராட்டியதில்லை. பாராட்டியபோது அது நான் என்று நம்ப மாட்டேன் என்கிறார். சேர்மனை வடக்கே பார்க்க நிறுத்தி, கால் இடுக்கில் பிடித்துக்கொண்டு, எண்ணெய்க் கிண்ணத்தைத் தூக்கிவிட்டார். வேறு வழியில்லை. தொண்டையைக் கனைத்து, "அன்பார்ந்த கால்நடைப் பெருமக்களே!" என்று ஆரம்பித்தேன்.

கிண்ணம் அந்தரத்தில் நின்றது. அடுப்படியில் அம்மாவின் சிரிப்பு ஒன்று வெடித்து உடனே அடங்கியது. அப்பா தோளில் கிடந்த துண்டை மெதுவாகத் தொட்டுப் பார்த்தார்.

"இந்தத் துண்டா?"

"ஆமாப்பா."

முதுகில் விழுந்தது. சத்தம் தெரு முழுக்கக் கேட்டிருக்கும். கேட்டுத்தான் மொக்கையன் மாமா கம்போடு வந்தார், பின்னால் ஆறேழு பேர். வாசல் விளக்கில் சேர்மனின் வாயை எல்லோரும் பார்த்துவிட்டார்கள்.

"சங்கையா, இது அதுதான். பிள்ளைக நடமாடுற தெருவுப்பா."

"யாரையும் கடிக்கலண்ணே" என்றார் அப்பா.

"கடிச்ச பெறகு பேசி என்ன செய்ய? என் பேத்திய நான் எங்கிட்டுக் கொண்டுபோயி ஒளிக்க?"

அப்பா எண்ணெய்க் கிண்ணத்தோடு வாசற்படியை விட்டு நகரவில்லை. கடைசியில் மாமா, "நாளைச் சாயங்காலம் வரைக்கும் பாப்பேன். அதுக்கு மேல என்னயக் கொற சொல்லக்கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார். சேர்மனைக் குளியலறைக்குள் விட்டுப் பூட்டினோம்.

இன்றைக்குக் காலையில் உன் கடிதம் வந்தது. தடுப்பூசி விஷயத்தை வாசித்ததும் அப்பா நிமிர்ந்தார். யானை விஷயத்தை வாசித்ததும் சிரிப்பு வந்தும் சிரிக்கவில்லை. "அந்தம்மா நம்பரு இருக்கா?" என்று கேட்டார்.

மாட்டாஸ்பத்திரிக்கு ஓடி நம்பர் வாங்கிவந்து போன் போட்டேன். எந்தக் கேள்விக்கும் நக்கலாகப் பதில் சொல்லாத என் முதல் போன் அதுதான். எத்தனை நாளாக? தடுப்பூசி உண்டா? யாரையாவது கடித்ததா? கடைசியாக என்ன தின்றது? எல்லாம் கேட்டுவிட்டு, "எதையும் ஊத்தாதீங்க. பக்கத்துல யாரும் போகாதீங்க. வாய்க்குள்ள யாராச்சும் கை விட்டீங்களா?" என்றார்.

"லேசாத்தான்..." என்று இழுத்தேன்.

"விட்டது நீதானா தம்பி? கழுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகணும், சரியா? நான் வீரசோழன் பக்கம் ஒரு கன்னு போடுற மாட்டுக்கிட்ட நிக்கிறேன். முடிச்சிட்டு நேரா அங்க வாரேன்."

இப்போது சேர்மனுடைய சேரில் மொக்கையன் மாமா கம்போடு உட்கார்ந்து குளியலறைக் கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறார். ஆட்சி மாறிவிட்டது. ஸ்கூட்டர் சத்தம் கேட்கிறது. டாக்டர்தான். அப்பா கதவுப் பூட்டைத் திறக்கப் போகிறார். செல்லப்பாண்டி அண்ணன், "ஏலே, ஒட்டித் தாரியா இல்ல நான் கெளம்பவா?" என்


மதுரை
31.7.2025, வியாழன்

டேய்!

'என்' என்று முடித்து ஒரு கடிதத்தை உலகத்தில் எவனாவது போடுவானா? கதவு திறந்ததா? டாக்டர் பார்த்தாரா? அவன் இருக்கிறானா?

முதலில் படித்தது வார்டன் மேடம். படித்து முடித்ததும் உறையைக் கவிழ்த்துத் தட்டி, இன்னொரு தாள் விழுகிறதா என்று பார்த்தாராம். பிறகு என்னைக் கூப்பிட்டு, "அதுக்கப்புறம் என்னாச்சு?" என்று என்னிடமே கேட்கிறார். விதியை மீறி அவரே அம்மாவுக்குப் போன் போட்டுத் தந்தார். சுவிட்ச் ஆஃப். கரண்ட் இருந்தால்தானே நீங்கள் சார்ஜ் போடுவதற்கு.

சாப்பாடு இறங்கவில்லை. பக்கத்துக் கட்டில் மாரீஸ்வரி என் தோசையையும் சேர்த்துத் தின்றுவிட்டு, "கவலப்படாத" என்கிறாள்.

ஒரே ஒரு வரி எழுது. இருக்கிறான் அல்லது இல்லை. உன் வேடிக்கையெல்லாம் பிறகு.

அனு


நம்ம வீடு
31.7.2025

அக்கா,

இருக்கிறான். இருக்கிறான். இருக்கிறான். மூச்சு விட்டுக்கொள், பிறகு படி. நேற்றே எழுதியிருப்பேன், நான் அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில் இருந்தேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

டாக்டர் வந்ததும் வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்தார். நேராக மொக்கையன் மாமாவிடம் போய், "அய்யா, அந்தக் கம்பக் குடுங்க" என்றார். திட்டப்போகிறார் என்று நினைத்து மாமா முறைப்போடு நீட்டினார். டாக்டர் அதன் நுனியில் ஒரு சுருக்குக் கயிற்றைக் கட்டினார். கதவிடுக்கு வழியாக நீட்டி, சேர்மனின் கழுத்தில் சுருக்கை மாட்டி, தள்ளி நின்றபடியே பின்தொடையில் மயக்க ஊசி போட்டுவிட்டார். அடிக்கக் கொண்டுவந்த கம்பு பிடிக்க உதவியது.

அவன் சரிந்து தூங்கியதும் கனமான கையுறை போட்டுக்கொண்டு வாயை விரித்தார். "யாராச்சும் டார்ச்சப் பிடிங்க." நான் ஓடினேன். "நீ வேண்டாம், நீ ஏற்கெனவே பிடிச்சது போதும். அய்யா, நீங்க வாங்க" என்று மாமாவைக் கூப்பிட்டார்.

மாமா தயங்கித் தயங்கிக் குனிந்தார். வெளிச்சம் உள்ளே போனது.

"அட! எலும்பு!" என்று கத்தியது மாமாதான்.

வெள்ளிக்கிழமைக் கிடாவின் நெஞ்செலும்புத் துண்டு. மேல்வாயில் இந்தக் கடைவாய்ப் பல்லுக்கும் அந்தக் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவில், கூரைக்கு உத்திரம் போட்டதுபோலக் குறுக்கே இறுகிக் கிடந்தது. நாக்கை நீட்டினாலே அதில் உரசும். தண்ணீரைக் கண்டு பயமில்லை அக்கா, வலி. நம் ஆள் வாயை மூடாமல் இருக்கவில்லை, மூட முடியாமல் இருந்திருக்கிறான். ஆறு நாளாக அதைச் சொல்ல ஒரு வழி தெரியாமல் மூஞ்சியைப் பிறாண்டியிருக்கிறான், நான் அவனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறேன்.

இடுக்கியால் ஒரு திருகு. வந்துவிட்டது. அப்படி ஒரு நாற்றம். கூட்டத்தில் பாதி அந்த நாற்றத்திலேயே கலைந்தது. மாமா மட்டும் போகவில்லை. டார்ச்சை அணைக்க மறந்து பட்டப்பகலில் பிடித்துக்கொண்டே நின்றார். "வெறியா இருந்திருந்தா?" என்று கேட்டார்.

"இருந்திருந்தாலும் எனக்குத்தான் போன் பண்ணணும்யா. அடிக்கப் போயி அது உங்களக் கடிச்சிருந்தா, பேத்தியத் தூக்க நீங்க இருப்பீங்களா?" என்றார் டாக்டர். மாமா தலையாட்டினார்.

அப்பாவால் சும்மா இருக்க முடியவில்லை. "ஏம்மா, நல்லெண்ணெ ஊத்திருந்தா வழுக்கிக்கிட்டு வந்திருக்குமோ?" என்றார்.

"எண்ணெ நொரையீரலுக்குள்ள எறங்கிருக்கும். இந்த மாசத்துல மட்டும் அப்படி ரெண்டு நாயி வந்துச்சு. எவனோ கரிசல் கந்தனாம், வீடியோ போட்டிருக்கான். ஆளு மட்டும் என் கையில கெடைக்கட்டும்."

அம்மா அடுப்படிக்குள் போய்விட்டாள். அப்பா என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். அங்கேயும் ஒன்றுமில்லை, ஆடி மாதத்து வெறும் வெயில்.

"அந்த ரெண்டு நாயும் இப்ப...?" என்று கேட்டேன்.

"பொழைச்சிருச்சு. நாந்தான் ரெண்டு நாளு தூங்கல."

"கந்தன் செத்துட்டான் டாக்டர். காலையிலதான். வீடியோவும் போயிருச்சு."

டாக்டர் என்னைப் பார்த்தார். அப்பாவின் தோளில் கிடந்த துண்டைப் பார்த்தார். திரும்ப என்னைப் பார்த்தார். "நல்ல சாவு" என்றார். அவ்வளவுதான். நான்கு திட்டுத் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

சேர்மனுக்கு மாத்திரை, கொஞ்ச நாளைக்குக் கூழும் தயிர்ச்சோறும். எனக்கு ஊசி. அப்பா என்னைக் குட்டியானையில் ஏற்றிக்கொண்டு போனார். நர்ஸ் அக்கா எழுதிக்கொண்டே, "யாரு கடிச்சது?" என்றார். "சேர்மன்" என்றேன். "எந்த ஊரு சேர்மன்?" என்று பேனாவை நிறுத்தினார். அப்பாதான் விளக்கம் சொன்னார், நான் சிரித்து முடிப்பதற்குள் ஊசி ஏறிவிட்டது. இன்னும் சில ஊசி பாக்கி இருக்கிறதாம். நோயாளி அவன், ஊசி எனக்கு.

காளி


மதுரை
2.8.2025, சனி

காளி,

மூன்று தடவை 'இருக்கிறான்' என்று எழுதியதற்காக உன் மற்ற குற்றங்களையெல்லாம் இந்த மாதத்துக்கு மன்னிக்கிறேன்.

சாப்பாட்டுக் கூடத்தில் கடிதத்தை உரக்க வாசிக்கச் சொன்னார்கள். எலும்பு வந்த இடத்தில் எல்லோரும் கை தட்டினார்கள். அந்த இரண்டு நாய் வந்த இடத்தில் தாளைக் கீழே வைத்துவிட்டேன். மாரீஸ்வரிதான் வாங்கி மீதியை வாசித்தாள். அந்த வீட்டுக்காரர்கள் எப்படிப் பதறியிருப்பார்கள்? இனி நீ துண்டை எடுத்தால் நான் போனைப் பிடிக்க மாட்டேன். இது உறுதி.

மதியம் நான்கு தோசைக்கு நிகராகச் சோறு தின்றேன்.

நாளைக்குப் போனில் அம்மாவிடம் சேர்மனைப் பற்றிக் கேட்கப்போவதில்லை. அம்மா ராசா என்பாள். நீயே எழுது. அவன் எப்படிச் சாப்பிடுகிறான்? அப்பா என்ன சொல்கிறார்? நாய்க்கு டாக்டரா என்று இன்னும் முனகுகிறாரா?

அனுசியா


நம்ம வீடு
4.8.2025, திங்கள்

அக்கா,

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அவர் செய்ததைச் சொல்கிறேன்.

நேற்று ஆடிப்பெருக்கு. அம்மா கலவை சாதம் கிண்டினாள். சேர்மனுக்குத் தயிர்ச்சோறு தனியாக. தட்டை வைத்த வேகத்தில் நக்கி முடித்துவிட்டு, தட்டையும் தள்ளிக்கொண்டே வாசல்வரை போனான். மொக்கையன் மாமா பேத்தியைத் தூக்கிக்கொண்டு வந்து வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "பாரு, தாத்தா டார்ச்சடிச்சுக் காப்பாத்துன நாயி" என்று காட்டிக்கொண்டிருந்தார். கம்பைப் பற்றிப் பேச்சே இல்லை.

அப்பா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போனை எடுத்துக்கொண்டு குட்டியானைக்குப் பின்னால் போனார். நான் டயருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

"டாக்டரம்மா, நான் சங்கையா. சேர்மன் அப்பா."

நம் இரண்டு பேருக்கு மேலே இன்னொரு பிள்ளை சேர்ந்துவிட்டது, தெரிந்துகொள்.

போனில் அவர் குரலும் கேட்டது. "சொல்லுங்கய்யா, என்ன பண்ணுது?"

"ஒண்ணும் பண்ணலம்மா."

"அப்ப?"

"சாப்பிட்டான். அதச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

லைன் போய்விட்டதோ என்று அப்பா போனை எடுத்துப் பார்த்தார். பிறகு சிரிப்புச் சத்தம். "அய்யா, எனக்கு வார போனெல்லாம் ஒடம்பு சரியில்லன்னுதான் வரும். சரியாப்போச்சுன்னு யாரும் பண்ண மாட்டாங்க. எங்க, அவன ஒரு சத்தம் குடுக்கச் சொல்லுங்க, கேப்போம்."

அப்பா சேர்மனுக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, போனை அவன் மூஞ்சிக்கு நேரே நீட்டினார். "ஏலே, டாக்டரம்மா லைன்ல இருக்காக. கொரைடா, ஒரே ஒரு தடவ."

பால்காரனைப் பார்த்துக் குரைப்பான், பஸ்ஸைப் பார்த்துக் குரைப்பான், அவன் நிழலைப் பார்த்தே குரைப்பான். நேற்று மட்டும் பெரிய மனுசன் மாதிரி அப்பாவையே பார்த்தான். பிறகு காது வரைக்கும் வாயைத் திறந்து, அத்தனை பல்லும் தெரிய ஒரு கொட்டாவி விட்டான்.

டப்பென்று மூடினான்.

"கேட்டுச்சாம்மா?" என்றார் அப்பா.

காளி